கடைசி எட்டுக் கட்டம்

பெயருக்கு வருவோம், அம்மா. பெயர் கீழேதானே வருகிறது? மேலே இருப்பதை முதலில் படித்துக் காட்டு. 'கிரீன் சிக்னல் இசைக்குழு.' சரி. 'கிளாரன்ஸ் மாஸ்டர் நினைவு வாழ்நாள் சாதனையாளர் விருது.' சரி. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் மேலே பெயர். தெரியும், தெரியும். பெயர் இல்லாமல் ஷீல்டு கொடுக்க முடியாது. அதைத்தான் நானும் பதினோரு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு. எனக்கு ஒரு முட்டி மடங்காது. மெஷினில் என்ன ஓடுகிறது, கபடிக் கோப்பையா? எத்தனை? பன்னிரண்டா? நல்லது, அது முடியட்டும். அது முடிவதற்குள் நான் பெயரைச் சொல்லிவிடுவேன். ஆனால் பெயரை மட்டும் சொன்னால் நீ தப்பாக நினைப்பாய். எப்படி அந்தப் பெயர் வந்தது என்று தெரிந்துகொண்டு பொறித்தால் எழுத்தே தனியாக விழும்.

நான் சவரிராயன். பெரம்பூர். ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். அது பகலில். சாயங்காலமானால் டபுள் பாஸ். தெரியாதா? வயலின் இருக்கிறதே, அதற்கு முப்பாட்டன் மாதிரி. ஆள் உயரம். நின்றுகொண்டு கட்டிப்பிடித்து விரலால் இழுத்து வாசிக்க வேண்டும். டும், டும், டும், டும். ஒருமுறை அரக்கோணத்தில் கல்யாணம், பாசஞ்சர் ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றினேன். கார்டு தொப்பியைக் கழற்றிவிட்டார். சவப்பெட்டி என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை. மரியாதை கிடைக்கும்போது எதற்குக் கெடுப்பது?

நாங்கள் வாசித்தது ஜாஸ். கேட்டிருக்கிறாயா? பரவாயில்லை, கேட்டவர்களுக்கும் பாதி புரியாது. ஒரு பாட்டு இருக்கும். அதை முதலில் எல்லோரும் சேர்ந்து ஒழுங்காக வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து அதைக் கெடுப்போம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சரி செய்துவிட்டு உட்காருவோம். நடுவில் கெடுக்கிறோமே, அதற்குத்தான் கைதட்டு. நோட்டில் பாட்டைக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள், கட்டம் கட்டமாக. நாலு எண்ணினால் ஒரு கட்டம். முப்பத்திரண்டு கட்டம் முடிந்தால் பாட்டு ஒரு சுற்று. ஒரு ஆள் கெடுப்பதற்கு ஒரு சுற்று கொடுப்பார்கள்.

யார் எப்போது எழ வேண்டும் என்று சொல்வது கிளாரன்ஸ் மாஸ்டர். வாயால் சொல்ல மாட்டார், வாயில் டிரம்பெட் இருக்கும். தலையால் சொல்வார். கண்ணை மூடியபடி நம் பக்கம் திரும்பி ஒரே ஒரு ஆட்டு. அவ்வளவுதான். அந்த ஆட்டு கிடைத்தால் அன்றைக்கு அந்தச் சுற்று உன்னுடையது. நோயலுக்குக் கிடைக்கும். வில்மாவுக்குக் கிடைக்கும். கோதண்டத்துக்குக்கூடக் கிடைக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் மாஸ்டருக்குப் பின்னால் டும் டும் என்று நின்றேன். எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. பாஸ் தனியாக வாசித்தால் ஜனங்கள் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். நான் வருத்தப்பட்டதே இல்லை. எனக்கு அந்த மாதிரி ஆசை கிடையாது.

ஒரு தடவை கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாஸ்டர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் மகள் ஷெரில் பெர்த்தில் இருக்கிறாள். ஆஸ்திரேலியா. போன மாதம் கடிதம் போட்டாள். அப்பா பெயரில் ஒரு வாழ்நாள் விருது, ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு முறை. தானே வந்து கொடுப்பாளாம். யாருக்கு என்பதை அப்பாவோடு வாசித்தவர்களே ஒரு குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தாள். பாவம், இசைக்குழுவில் முப்பது பேர் இருந்தது அவளுக்கு நினைவு. இப்போது உயிரோடு இருப்பது நான்கு பேர் என்பது தெரியாது. சாக்ஸபோன் நோயல் ரெபெய்ரோ. பியானோ மிஸஸ் வில்மா. டிரம்ஸ் கோதண்டம். பிறகு நான். குழுவும் நாங்கள்தான், விருது வாங்கத் தகுதி உள்ளவர்களும் நாங்கள்தான்.

வில்மா வீட்டில் கூடினோம். மத்தியானம், மூன்று மணி. கேக், டீ. நான் நடுநிலையாக ஆரம்பித்தேன். சாதனை என்றால் என்ன என்று முதலில் தீர்மானிப்போம் என்றேன்.

கோதண்டம் எழுந்துவிட்டான். அவன் அயனாவரம், பட்டறையில் வெல்டர், சத்தமாகத்தான் பேசுவான், காதுக்குப் பக்கத்தில் பித்தளைத் தட்டு வைத்து அடித்தவன். "இன்னாப்பா சாதனை? தூக்கினவன் யாரு, அதைச் சொல்லு. அஞ்சு ட்ரம்மு, மூணு தட்டு, ஒரு ஸ்டூலு. எல்லாம் மாடிப்படி. உன் நோயலு இன்னா தூக்கினான்? டிபன் கேரியர் மாதிரி ஒரு பொட்டி."

"நானும் தூக்கினேன்" என்றேன்.

"உன்துக்கு கார்டே தொப்பி கழட்டினான்பா. உனுக்கு இன்னா கொற."

வில்மா டீ கோப்பையைக் கரண்டியால் தட்டினாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். "உக்காருங்க மேன், ரெண்டு பேரும். உங்கள்ல யாருக்காவது நோட்டு படிக்கத் தெரியுமா? மாஸ்டர் எழுதிக் குடுத்த பேப்பர்ல நீங்க வடை சுத்தி வச்சீங்க. நான் ஒருத்திதான் படிச்சு வாசிச்சேன்."

"படிச்சி வாசிக்கறதுல இன்னா மேடம் சாதனை? போஸ்ட்மேன்கூடத்தான் அட்ரஸ் படிக்கிறான்."

"அட்ரஸ் படிக்காத போஸ்ட்மேன் எங்க போவான் மேன்? அங்கதான் உன் டிரம்மும் போச்சு. வேற தெருவுக்கு."

இப்படி ஒன்றரை மணி நேரம். நோயல்? கேக்கை டீயில் முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் தந்திரம். நாற்பது வருஷமாக அதே சிரிப்பு. ஆள் பார்க்க நன்றாக இருப்பான், இப்போதும் சட்டைக் காலருக்குள் ஒரு கைக்குட்டை. பெண்களெல்லாம் மேடையில் அவனைத்தான் பார்ப்பார்கள். அவனுக்குப் பின்னால் ஆறடி உயரத்தில் ஒரு வாத்தியம் இருந்தது ஒருவருக்கும் தெரியாது.

இனி பேசிப் பயனில்லை, சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவோம் என்றேன் நான். நான்கு சீட்டு. பிரித்துப் பார்த்தோம். கோதண்டத்துக்கு ஒன்று. வில்மாவுக்கு ஒன்று. எனக்கு இரண்டு. நோயலுக்கு ஒன்றுமில்லை. எனக்கே ஆச்சரியம். ஒன்று நான் எழுதியது, அது பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. இன்னொன்று யார் எழுதியதோ. எழுத்து நடுங்கி இருந்தது. வில்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், கை தவறி எழுதியிருப்பாள்.

நான் எழுந்து நன்றியுரை சொல்ல ஆரம்பித்தேன். தயாராக வைத்திருந்தேன் என்று இல்லை, தானாக வந்தது. இரண்டு பக்கம். அப்போதுதான் வில்மா ஷெரிலின் கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கமும் எழுதியிருந்தது. அதுவரை ஒருவரும் திருப்பவில்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர் யாருக்கும் விருது கிடையாது.

அம்மா, கபடிக் கோப்பை எத்தனை ஆயிற்று? நான்கா? சரி.

பெர்த்துக்குப் போன் போட்டோம். "அங்கிள், ரூல்னா ரூல்தான். அப்பா அப்படித்தான சொல்லிக் குடுத்தார்?" என்றாள் அந்தப் பெண். அவர் எங்கே ரூல் சொல்லிக்கொடுத்தார்? வாயில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

போனை வைத்த பத்தாவது நிமிஷம் கோதண்டம் ராஜினாமா செய்துவிட்டான். கேக் வந்த அட்டையைக் கிழித்து எழுதினான். 'உடல்நிலை காரணமாகக் குழுவிலிருந்து விலகுகிறேன்.' அதே அட்டையின் மறுபக்கம், 'விருதுக்கு விண்ணப்பிக்கிறேன், உடல்நிலை நன்றாக உள்ளது.' வில்மா உள்ளே போய் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லையாம்.

மிச்சம் நானும் நோயலும்.

வாசலில் வந்து நோயல் என் தோளில் கை போட்டான். "ராயா, நான் குழுவிலயே இருந்துக்கறேன் மேன். நீ எழுதிக் குடுத்துட்டுப் போ."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் வெளியே போனால் அவன் ஒரே நீதிபதி. கோதண்டத்துக்கோ வில்மாவுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான் அவ்வளவு ஏமாளியா?

"எனக்கு விருது ஆசை இல்லை. நீ போ, நான் இருக்கிறேன்" என்றேன்.

"இல்ல மேன், நீ போ."

"நீதான் போக வேண்டும்."

"ராயா, சொல்றதைக் கேளு."

"நோயல், நீ ராஜினாமா கொடுக்காமல் நான் பஸ் ஏற மாட்டேன்."

மூன்று பஸ் போயிற்று. கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.  அவன் என் முதுகையே பலகையாக வைத்து ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். எழுதும்போது நடுவில் நிறுத்திச் சிரித்த மாதிரி இருந்தது. முதுகில் தெரிந்தது.

வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என் சட்டைப் பையில் என்னுடைய ராஜினாமாக் கடிதம் இருந்தது. வில்மா கடிதத்தைத் திருப்பிய உடனே பாத்ரூமில் வைத்து எழுதியது. ஆசையினால் அல்ல, எதற்கும் இருக்கட்டும் என்று. ஆனால் இனி அதை யாரிடம் கொடுப்பது? குழுவே நான்தான். முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? ஆகவே அதை எனக்கே கொடுத்தேன். நானே வாங்கி, நானே படித்து, 'தற்சமயம் ஏற்க இயலாது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன், கடிதம் வந்த அன்றைக்கு. காலண்டர் மாட்ட. என்ன கேட்கிறாய்? காலண்டரா? அது வேறு ஆணியில் இருக்கிறது.

இனி ஒரே நீதிபதி நான். பொறுப்பு. மூன்று பேருக்கும் ஒரே பரீட்சை வைப்பது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வருவேன், என் எதிரில் தனியாக ஒரு சுற்று வாசிக்க வேண்டும், முப்பத்திரண்டு கட்டம். பதினாறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன், மதிப்பெண் போட.

முதலில் கோதண்டம். அவனிடம் டிரம்ஸ் இல்லை, பேரன் பிறந்தபோது தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சோபாவில் பாத்திரங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தான். இட்லிக் குண்டான், பருப்புச் சட்டி, இரண்டு மூடி. ஆரம்பித்தான் பார், அந்தக் கையில் இன்னும் வெல்டிங் தீப்பொறி இருக்கிறது. பதினாறாவது கட்டத்தில் மருமகள் வந்து, "மாமா, மாவு வெச்சிக்கினு நிக்கிறேன்" என்று இட்லிக் குண்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் நிறுத்தவில்லை. குண்டான் இருந்த இடத்தில் வெறும் காற்றிலேயே அடித்துக்கொண்டு போனான், ஒரு எண்ணிக்கை தவறவில்லை. அது எனக்குப் பிடித்தது. நோட்டில் போட்டேன்.

அடுத்தது வில்மா. அவள் பியானோவில் மூன்று கட்டை பேசாது. அந்த இடம் வரும்போதெல்லாம் வாயால் 'டிங்' என்று சொல்லிக்கொண்டே வாசித்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். டிங் எல்லாம் சரியான சுருதியில். அதுவும் எனக்குப் பிடித்தது. கேக் கொடுத்தாள். அது தீர்ப்பைப் பாதிக்கவில்லை. மறுநாள் இன்னொரு கேக் அனுப்பினாள், அதுவும் பாதிக்கவில்லை.

மூன்றாவது நோயல். அவனைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான், உன்னிடம் மறைப்பானேன். இப்போது அந்த ஒரு தடவையைச் சொல்கிறேன்.

எழுபத்தொன்பது. கிறிஸ்துமஸ் வாரம், ரயில்வே காலனி கிளப்பில் டான்ஸ். கூட்டம் கால் வைக்க இடமில்லை. நோயல் எனக்கு நேர் முன்னால் நின்று சுற்று வாசித்துக்கொண்டிருந்தான். இருபத்துநான்கு கட்டம் ஆயிற்று. அப்போது மாஸ்டர் திரும்பினார். கண் மூடியிருந்தது. தலையை ஆட்டினார். என் பக்கம், அம்மா. என் பக்கம். நான் பார்த்தேன். கடைசி எட்டுக் கட்டம் எனக்கு. ஆனால் இந்த நோயல் நகரவில்லை. முன்னால் தூண் மாதிரி நிற்கிறான். சாக்ஸபோன் வாயில் இருக்கிறது, சத்தம் இல்லை. மூச்சு முட்டிவிட்டது அவனுக்கு. எட்டுக் கட்டமும் வெறுமனே போயிற்று. நான் இல்லாவிட்டால் பாட்டே விழுந்திருக்கும். நான்தான் டும் டும் என்று விடாமல் போட்டுத் தாங்கினேன். அவன் மட்டும் ஒதுங்கியிருந்தால் நான் வாசித்திருப்பேன். நாற்பத்தைந்து வருஷமாகக் காலனியில் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். கோதண்டத்தைக் கேட்டால், மாஸ்டர் மூக்கில் கொசு உட்கார்ந்தது, அதற்குத் தலையை ஆட்டினார் என்பான். அந்தச் சத்தத்தில் கொசுவாம்.

ஆகவே நோயலிடம் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தான். துடைத்தான். "எதை வாசிக்கட்டும்?" என்றான். "எழுபத்தொன்பதில் வாசித்தாயே, அதை" என்றேன். முப்பத்திரண்டு கட்டமும் வேண்டும் என்றேன். நாக்கில் கொஞ்சம் விஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வாயில் வைத்தான். நான்கு கட்டம் நன்றாக வந்தது. ஐந்தாவது கட்டத்தில் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தான், மேல் பல் வரிசை அதோடு போய்விட்டது. முழு செட்டு. சாக்ஸபோன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, அம்மா. பித்தளைக்கு மேலே பல். நான் சிரிக்கவில்லை. நீதிபதி இல்லையா? கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன், இன்னும் புண் ஆறவில்லை.

நோயல் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? வெறும் வாயால் பாட ஆரம்பித்தான். பல் இல்லாத வாய், எல்லாம் 'ஃபா ஃபா ஃபூ' என்று. ஆனால் அதேதான். எழுபத்தொன்பதில் வாசித்தது அப்படியே, ஒவ்வொரு வளைவும். எனக்கு விரல் தானாகத் தொடையில் டும் டும் என்று போட ஆரம்பித்துவிட்டது. நீதிபதி அப்படிச் செய்யக்கூடாது. செய்தேன்.

இருபத்துநான்காவது கட்டம் முடிந்தது. நிறுத்திவிட்டான். காலை மட்டும் தட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் தொடையில் டும் டும். எட்டுக் கட்டமும் போயிற்று.

"ஏன் நிறுத்தினாய்? இப்போதும் மூச்சு முட்டிவிட்டதா?" என்றேன்.

"அது உன்னோடது மேன்" என்றான். "மாஸ்டர் உனக்குத் தலையாட்டினார். நான் நிறுத்திட்டேன். நீ வாசிப்பன்னு நின்னேன். நீ டும் டும்னே போய்க்கிட்டிருந்த. சரி, அடுத்த கட்டத்துல எடுப்பான், அடுத்த கட்டத்துல எடுப்பான்னு எட்டும் நின்னேன். ஒதுங்கினா நான் முடிச்சிட்டேன்னு மாஸ்டர் டிரம்பெட்டை எடுத்துருவார். அதான் நகரல."

கதை விடுகிறான், அம்மா. அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை?" என்றேன்.

"நீ ஊரெல்லாம் எனக்கு மூச்சு முட்டிடுச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்த. சந்தோஷமா சொன்ன. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டேன்."

பல் இல்லாமல் சிரித்தான். டம்ளரில் இருந்த பல்லும் சிரித்தது. இரண்டு சிரிப்பை ஒரே நேரத்தில் பார்ப்பது ஒரு நீதிபதிக்கு நல்லதல்ல. நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு மதிப்பெண் போடவில்லை. இன்னும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், வாசிக்கவில்லை. எனக்கு என்ன யோசனை என்றால், எட்டுக் கட்டம் என்பது எவ்வளவு நேரம்? எண்ணிப் பார்த்தேன். பதினைந்து வினாடி. பதினைந்து வினாடி ஒருவன் அசையாமல் நின்றால் மூச்சு முட்டியவன் மாதிரியா நிற்பான்? மூச்சு முட்டினவன் குனிவான். இவன் நிமிர்ந்து நின்றான். அவன் முதுகு எனக்குத் தெரியும், அம்மா. இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்ததே அந்த முதுகைத்தான்.

இருக்கட்டும். கதை விடுகிறான்.

அது என்ன, அந்த ஃபைலில் துருத்திக்கொண்டு நிற்கும் காகிதம்? கிரீன் சிக்னல் என்று போட்டிருக்கிறதே? கொடு. 'பெயர்: ம. கோதண்டம். இதையே போடவும்.' எப்போது வந்தான்? செவ்வாய்க்கிழமையா? நான் முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னானா? உனக்கு முறுக்கு கொடுத்தானா? சாப்பிட்டாயா? சரி, விடு, அது அவன் மருமகள் சுட்டது, நன்றாகத்தான் இருக்கும். வில்மா போன் செய்தாளா? பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' போட வேண்டும், எழுத்து சாய்ந்து இருக்க வேண்டும் என்றாளா? பார்த்தாயா. இதுதான் சாதனையாளர்களுடைய லட்சணம்.

நோயல் வரவில்லையா? போனும் இல்லையா?

இல்லை. வரமாட்டான். தெரியும்.

கோப்பை எத்தனை மிச்சம்? ஒன்றா. அப்படியானால் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள். நோயல் ரெபெய்ரோ. அவன் எதையோ விட்டுக்கொடுத்தான் என்பதற்காக அல்ல. அதை நான் நம்பவில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். காரணம் வேறு. கோதண்டத்துக்குக் கொடுத்தால் இட்லிக் குண்டானுக்காகக் கொடுத்தான் என்பார்கள். வில்மாவுக்குக் கொடுத்தால் கேக்குக்காக. மூன்று பேரில் எனக்குப் பிடிக்காதவன் நோயல் ஒருவன்தான். அவனுக்குக் கொடுத்தால்தான் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. நடுநிலை என்றால் அதுதான்.

கோட்டின் மேலே அவன் பெயர். கோட்டின் கீழே, 'தேர்வு: சவரிராயன், டபுள் பாஸ்.' அதைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. எவ்வளவு என்றால், அவன் பெயரைவிட ஒரு சுற்று பெரிதாக. ஏன் சிரிக்கிறாய்? வயதானவர்கள் வருவார்கள், படிக்க வேண்டாமா? அவன் பெயர் எல்லோருக்கும் தெரியும், சின்னதாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். விருது வாங்குகிறவர் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டுமா? யார் சொன்னது? எல்லாக் கடையிலும் அப்படித்தானா? சரி, சமமாகப் போடு. கீழேதான் இருக்கட்டும். பாஸ் எப்போதும் கீழேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ஒரு பாட்டு வாசிக்கிறோம். ஷெரில் கேட்டாள். கோதண்டத்துக்கு வாடகை டிரம்ஸ் வருகிறது, மருமகள் எடுத்துக்கொண்டு போக முடியாது. நோயலுக்குப் பல் நிற்காது, வாயால்தான் பாடுவான். ஃபா ஃபா ஃபூ. இருபத்துநான்கு கட்டம் பாடுவான் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறேன். கடைசி எட்டுக் கட்டத்துக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. பார்ப்போம். என்னிடம் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. அன்றைக்கு வாசித்திருப்பேன் என்று சொன்னேனே, அதை வீட்டில் அவ்வப்போது வாசித்துப் பார்ப்பேன். அவ்வப்போது என்றால் தினமும்.

ஒரே ஒரு சங்கடம். மாஸ்டர் இல்லை. தலையாட்ட ஆள் இல்லை. நோயல் ஆட்டுகிறேன் என்றுதான் சொல்வான். அவன் ஆட்டி நான் வாசிப்பதா? வில்மாவும் கோதண்டமும் விருது போன கோபத்தில் ஆட்ட மாட்டார்கள்.

ஷீல்டைக் கொண்டுவந்து கொடுக்க நீ வருவாய்தானே? முன் வரிசையில் உட்கார். சாப்பாடு உண்டு, பிரியாணி. ஆனால் நான் வாசிக்கும்போது எழுந்து போகாதே, பிறகு போ. நோயல் நிறுத்தியதும் நான் உன்னைப் பார்ப்பேன். நீ தலையை ஒரு ஆட்டு. அவ்வளவுதான் வேலை.

எங்கே, ஆட்டிக் காட்டு.

இல்லை, இது காய்கறிக்காரரிடம் சரி என்கிற மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொள். மோவாய் கொஞ்சம் கீழே. ஆ, அதுதான்.

இன்னும் மெதுவாக ஆட்டு, அம்மா. நன்றாகத் தெரிகிற மாதிரி. போன தடவை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் விட்டுவிட்டேன்.